தனியாகத் தூக்கிய ஏழு பெட்டிகள்

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆகாயத்துல காப்பி ஊத்தின அம்மாவுக்கு இப்ப ப்ளேன்ல ஏறப் பயமா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது முறையாக டிக்கெட்டின் தேதியை மாற்றச் சொல்லும்போது ஏதாவது ஒரு காரணம் சொல்லவேண்டியிருந்தது. நீயே ஒன்றை எடுத்துக் கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டேன். உன் மகள் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அவளைப் புகைப்படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு விமானத்தில் ஏறப் பயமில்லை, கண்ணா. பயப்பட்டிருக்க வேண்டிய ஒரு நாளில்கூட நான் வேறு எதற்கோதான் பயந்துகொண்டிருந்தேன். அந்த நாளைச் சொல்லாமல் இப்போது சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்ல முடியாது. நேரில் சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. எழுதும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எனக்குத் தெரியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நான் விமானப் பணிப்பெண்ணாக இருந்ததை நீ பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய். அந்த வேலையின் சட்டதிட்டங்களை நான் உனக்குச் சொன்னதில்லை. எழுபதுகளில் எங்களை மாதம் ஒரு முறை எடை பார்ப்பார்கள். மருத்துவ அறை வாசலில் ஒரு தராசு, பக்கத்தில் பெயர் எழுதிய அட்டைகள். எடை கூடினால் எச்சரிக்கை. கல்யாணத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றோடு வேலை முடிந்தது. உன் அப்பா சரக்குக் கப்பலில் ரேடியோ அதிகாரி. ஒரு முறை போனால் ஒன்பது மாதம், பத்து மாதம். நான் பல்லாவரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்கள். பறக்காத நாட்களில் காலையிலிருந்து மாலை வரை என் குரலையே நான் கேட்காமல் இருந்ததுண்டு. நீ வயிற்றில் வந்திருப்பது தெரிந்ததும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குக்கூட எழுதவில்லை. எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் இரண்டு நாள் மோரும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டேன். சேலைக்கு உள்ளே ஒரு மல் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். ஆறாம் மாதம் வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்பது என் எண்ணம்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். சம்பளம் ஒரு காரணம்தான், ஆனால் அது சின்னக் காரணம். தரையில் நான் ஒருவருக்கு மகள், ஒருவருக்கு மனைவி, வீட்டுக்காரம்மாவுக்கு வாடகைக்கு இருக்கும் பெண். மேலே போனதும் இதில் எதுவுமில்லை. என்னால் அதை விட முடியவில்லை. அந்த நான்கு மாதத்தில் உன்னைவிட அந்த வேலையை நான் அதிகமாக விரும்பினேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இருபத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

அன்று காலை மீனம்பாக்கத்திலிருந்து கொழும்புக்குப் போகும் விமானம். இரண்டு சுழல்விசிறிகள் வைத்த சின்ன விமானம். நாற்பது இருக்கைகள், இருபத்து நான்கு பயணிகள், அவர்களுக்கு நான் ஒருத்தி. ஏணி பின்பக்கக் கதவில்தான் வைப்பார்கள். ஏறியவர்கள் ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள், முன்பாதி காலியாக இருக்கும். மேலே ஏறும்போது தரை பின்பக்கம் சாய்ந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் சமமாகிவிடும். சமமானதைப் பார்க்க நான் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்வேன். தண்ணீர் நேரானதும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். அன்று தண்ணீர் நேராகவே இல்லை. கொஞ்சம் நேராகும், மறுபடி சாயும். பிறகு விமானி அறையிலிருந்து மணி இரண்டு முறை அடித்தது.

உள்ளே கேப்டன் நடராஜனும் துணை விமானி மேத்யூவும் ஆளுக்கொரு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள், திறக்காத கதவைத் தள்ளுகிறவர்கள் மாதிரி. விமானத்தின் வாலில் ஒரு சின்னத் தகடு உண்டு. அதைத் தேவையான அளவுக்குத் திருகி வைத்துவிட்டால் மூக்கு ஏறாமல் இறங்காமல் நிற்கும், ஓட்டுகிறவர் கை ஓய்ந்திருக்கலாம். அன்று தரையை விட்டு எழுந்ததும் அது மூக்கைத் தூக்கும் பக்கமாகவே கடைசி வரை போய் இறுகிக்கொண்டது. கையை எடுத்தால் மூக்கு மேலே போகும். போய்க்கொண்டே இருந்தால் வேகம் செத்துக் கல் மாதிரி கீழே விழும். கேப்டன் திரும்பாமலேயே பேசினார். "இங்க பாரும்மா, வால் பக்கம் மாட்டிக்கிச்சு. நாங்க தள்ளிக்கிட்டேதான் ஓட்டணும். கை எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியாது. பின்னாடி இருக்கிற கனத்தையெல்லாம் முன்னாடி கொண்டு வா. முதல்ல ஆளுங்க, அப்புறம் பெட்டிங்க. தனியா தூக்காத, யாரையாவது சேத்துக்க." மேத்யூ, "நூறாச்சு சார், இப்ப நீங்க விடுங்க" என்றான். ஒருவர் நூறு எண்ணும்வரை மற்றவர் ஒரு கையை உதறிக்கொள்வார். அப்படித்தான் முறை வைத்திருந்தார்கள்.

கேப்டன் சாதாரணமாக யாரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். போர் விமானம் ஓட்டியவர் என்ற எண்ணம் அவர் நடையிலேயே இருக்கும். மேத்யூவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, அவரிடம் திட்டு வாங்காத நாள் கிடையாது. அந்த மனிதர் கோளாறு தெரிந்த முதல் நிமிடத்திலேயே, "என்னால தனியா முடியல, நீயும் பிடி" என்று சொன்னாராம். மேத்யூ பிற்பாடு என்னிடம் சொன்னான். "எனக்கு அதைக் கேட்டதும்தான் பயமே வந்துச்சு. அப்புறம் பிடிச்சேன், பயம் போயிடுச்சு" என்றான்.

பயணிகளிடம் வந்தேன். எவ்வளவு யோசித்துப் பேசினாலும் விஷயம் இதுதான். "கொஞ்சம் கனமானவங்க எழுந்து முன்வரிசைக்கு வாங்க, ப்ளீஸ்" என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தன்னைக் கனமானவன் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? மூன்று பேர் தங்களுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் உட்காரும் இடத்தை ஒருவராக நிரப்பியிருந்த படாளத்து அரிசி மண்டிக்காரர், "இன்னாம்மா இது, மாட்டுச் சந்தையா? கனம் பாத்து ஓட்டிகினு போறீங்க?" என்றார். அவருக்கு அடுத்த வரிசையில் ஒரு முஸ்லிம் அம்மா, தலையில் வெள்ளைத் துப்பட்டி, மடியில் ஒரு டிபன் கேரியர். பெயர் ஜுலேகா. செங்கல்பட்டுக் கடைத்தெருக்காரர். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்த கணவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். "அண்ணாத்த, நீ ஒருத்தன் எய்ந்து போனாலே வண்டி நேரா நின்னுடும். போ, போ" என்றார். சிரிப்பு எழுந்தது. மண்டிக்காரரும் சிரித்தபடி எழுந்தார். "சரிம்மா, சாப்ட்டதுக்கு இன்னிக்காவது ஒரு பிரயோசனம் கெடச்சுது." அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். ஐந்து நிமிடத்தில் பின்பாதி காலி.

அடுத்தது பெட்டிகள். பின்பக்கக் கழிப்பறைக்கு அடுத்து சாமான் அறை, உள்ளிருந்தே திறக்கலாம். விமானி அறைக்குப் பின்னால் இன்னொரு சாமான் இடம் இருந்தது, அன்று அது பாதி காலி. கேப்டன் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்திருந்தது. முன்வரிசைகளில் பத்துப் பதினைந்து ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. முதல் பெட்டியை நானே இழுத்துத் தூக்கினேன். தரை முன்பக்கம் ஏற்றமாக இருந்தது. இரண்டாவது பெட்டி, மூன்றாவது. கொழும்புக்குப் போகிறவர்களின் பெட்டிகள், புடவைக் கட்டுகளும் வெண்கலப் பாத்திரமும். ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பயணிகள் சாமான் அறைக்குள் வரக்கூடாது என்ற விதியை அப்போது காரணமாக நினைத்துக்கொண்டேன். அது பொய். கர்ப்பிணிப் பெண் பெட்டி தூக்கமாட்டாள். அதனால் பெட்டி தூக்குகிற என்னை யாரும் கர்ப்பிணி என்று நினைக்க முடியாது. விமானம் விழுமா நிற்குமா என்று தெரியாத நேரத்தில், என்னை யாருமே சந்தேகப்படாத இடத்தில், நான் அதை நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது பெட்டிக்குக் குனிந்தபோது கதவருகில் ஜுலேகாம்மா நின்றார். "ஏம்மா, இன்னாத்துக்கு நீயே தூக்கிகினு கீற? அத்தினி ஆம்பளைங்க சும்மா குந்திகினு கீறாங்க."

"பரவாயில்லம்மா, இது என் வேலை. நீங்க போய் உக்காருங்க."

அவர் போகவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தார். "எத்தினி மாசம்?"

"என்னது?"

"என்கிட்ட மறைக்காத. அஞ்சு பெத்தவ நான்."

விமானத்தின் இரைச்சலில் எனக்கே கேட்காத குரலில், "நாலு" என்றேன். உன்னைப் பற்றி இந்த உலகத்தில் நான் முதலில் சொன்னது அவரிடம்தான். "யாருக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சா வேலை போயிடும்."

"போவட்டுமே. வேல போனா வேற வேல. நீ இதுக்கு மேல கைய வெச்சே, நானே கத்தி ஊரக் கூட்டுவேன்" என்றவர், திரும்பி நின்று நிஜமாகவே கத்தினார். "அண்ணாத்த! ஏய் தம்பிங்களா! பொண்ணு ஒருத்தி பொதி செமந்துகினு கீது, நீங்கள்லாம் சீமைக்குப் போற மாப்பிள்ளைங்களா? எய்ந்து வாங்க!" பிறகு என் பக்கம் குனிந்து, "காரணம் ஒண்ணும் சொல்லல, பாத்துக்கோ" என்றார். ஆண்கள் எழுந்து வந்து இருக்கைகளுக்கு நடுவில் வரிசையாக நின்றார்கள். மண்டிக்காரர் முன்னால் நின்று வாங்கி அடுக்கினார். "இது யார் பெட்டிப்பா, உள்ள அம்மிக்கல்லு கீதா?" நான் பதினைந்து நிமிடம் மூச்சு வாங்கத் தூக்கியது ஏழு பெட்டி. மீதிப் பதினெட்டும் மூன்று நிமிடத்தில் முன்னால் போய்விட்டன. டம்ளரில் தண்ணீர் கிட்டத்தட்ட நேரானது.

உடனே இறங்கவில்லை. இறங்கும்போது சக்கரங்களையும் இறக்கைத் தகடுகளையும் கீழே விட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் மூக்கு என்ன செய்யும் என்று தரைக்குப் பக்கத்தில் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் கேப்டன் உயரத்திலேயே, கடலுக்கு மேலே, மாமல்லபுரத்துக்குக் கிழக்கில் சுற்றிச்சுற்றிச் சோதித்துப் பார்த்தார். தகடுகளைக் கொஞ்சம் இறக்கியதும் மூக்கு துள்ளியது. பின்வரிசையில் கழற்றி வைத்திருந்த யாருடைய செருப்போ வாலை நோக்கி வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். தகடுகளை மறுபடி ஏற்றிவிட்டார். இறக்கைத் தகடு இல்லாமல், அதிக வேகத்தில்தான் இறங்க வேண்டும் என்று முடிவாயிற்று. விதிப்படி நான் வாலில் தனி இருக்கையில் உட்கார வேண்டும். கேப்டன் என்னையும் முன்னால் வரச் சொல்லிவிட்டார். ஜுலேகாம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் கலங்கரை விளக்கம் வந்தது, பாலாறு கடலில் சேரும் மணல்மேடு வந்தது, தொலைவில் எங்கள் ஊர் செங்கல்பட்டின் ஏரி ஒரு தடவை மின்னிவிட்டு மறைந்தது. ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் என் அம்மா அந்த நேரத்துக்கு வடாம் காயவைத்திருப்பாள். மேலே நாம் இருவரும் சுற்றிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு மேலே வந்தால் யாரும் வேண்டாம் என்று இருந்ததே, அந்தச் சுகம் அன்று நாற்பது நிமிடத்தில் தீர்ந்துபோனது. பெல்ட்டை மாட்டப்போனேன். ஜுலேகாம்மா என் கையைத் தட்டிவிட்டு, "வவுத்து மேல கட்டாத, கீழ எறக்கிக் கட்டு" என்று தானே கட்டிவிட்டார்.

மீனம்பாக்கத்தில் ஓடுதளத்தின் தொடக்கத்திலேயே சக்கரம் பட்டது. அவ்வளவு வேகத்தில் நான் தரையைப் பார்த்ததில்லை. ரப்பர் கருகும் நாற்றம், தடதடப்பு, கடைசியில் புல்லுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பயணிகளை இறக்கிவிட்டு உள்ளே போனபோது கேப்டனால் கையை மடக்க முடியவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட மேத்யூ அவர் விரல்களுக்கு நடுவில் பேனாவை வைத்துப் பிடித்துக்கொண்டான். "பெட்டியெல்லாம் யார் தூக்கினாங்க?" என்று கேட்டார். "எல்லாரும்தான் சார்" என்றேன். "குட்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் உனக்குக் கதையாக என்றைக்கோ சொல்லியிருப்பேன். அன்று பிற்பகல் அறைக்கு வந்து உடை மாற்றும்போது இரத்தம் பார்த்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவமனை இருந்தது, நடந்தே போகலாம். அங்கே போனால் எங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் பல்லாவரம் நிலையத்துக்கு நடந்து, செங்கல்பட்டு ரயிலில் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். நீ பிழைப்பாயா என்று தெரியாமல், வேலை பிழைக்கவேண்டும் என்று நான் உன்னை ரயிலில் கொண்டுபோனேன். சிங்கப்பெருமாள் கோயிலில் எதிர்வண்டிக்காக நிறுத்திவிட்டார்கள். நடைமேடையில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். எதிரில் ஒரு பெண்மணி, "உடம்பு சரியில்லியாம்மா?" என்று கேட்டாள். "தலைவலி" என்றேன். கேட்டவளிடம்கூடச் சொல்லவில்லை. வண்டி நின்ற அந்த நேரம் முழுக்க உன்னிடம் ஒரே ஒரு சொல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இரு, இரு என்று. நீ இருந்தாய்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் படுத்திருந்தேன். வேலை போய்விட்டது, அதற்குச் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்லை. நீ எட்டாம் மாதத்திலேயே பிறந்தாய், உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்குகிற அளவில். அப்போது தொடங்கிய இழுப்பு உன்னை இன்னும் விடவில்லை. ஏரிக்காற்று என்றேன், உன் தாத்தாவுக்கு இருந்தது என்றேன், நீயும் மருத்துவர்களிடம் பரம்பரை என்று சொல்லிவந்தாய். உன் தாத்தாவுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. பெட்டிகளாலா, ரயிலாலா, எதுவுமே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் அன்றைய டாக்டரம்மா. எனக்கு அது போதவில்லை. விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நீ மூச்சுக்குத் திணறி உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் எனக்கு அந்த ஏழு பெட்டிகளின் கைப்பிடிகள் நினைவுக்கு வரும். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேரும்வரை உன் இழுப்புக்குத் தன் கப்பல் வாழ்க்கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நூலகத்தில் வேலை கிடைத்தது, நீ வளர்ந்தாய், போனாய். என்னை எல்லோரும் தைரியசாலி என்கிறார்கள். யாரையும் எதுவும் கேட்காதவள் என்று அதற்கு அர்த்தம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், இப்போது நீயும் ஒரு தகப்பன். இரவெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டுக் காலையில் "ஒன்னும் இல்லம்மா, நல்லா தூங்கினேன்" என்று என்னிடம் சொல்கிறாய். உன் குரலில் இழுப்பு எனக்குக் கேட்கிறது. முடியவில்லை என்றால் முதல் நிமிடத்திலேயே உன் மனைவியிடம் சொல். பதினைந்தாவது நிமிடத்தில் சொல்வதற்கும் அதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

இனி டிக்கெட் விஷயம். எனக்குக் கர்ப்பப்பையில் ஒரு கட்டி இருக்கிறது. ஆறு மாதமாகத் தெரியும். எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்கிறார்கள். நீ முதலில் அனுப்பிய தேதியில் பரிசோதனை, இரண்டாவது தேதியில் இன்னொரு பரிசோதனை, மூன்றாவது தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அறுவை சிகிச்சை. எல்லாம் முடிந்த பிறகு உனக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நேற்று சேர்க்கைப் படிவம் எழுதினார்கள். "கூட யார் இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்கு விடுமுறை கிடைக்காது என்றேன். "கேட்டுப் பாத்தீங்களா?" என்றாள் அந்தப் பெண். அந்த இடத்தை வெற்றிடமாக விட்டுப் படிவத்தை என்னிடமே கொடுத்தனுப்பினாள்.

அடுத்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வரவேண்டும். உன் வேலை, கைக்குழந்தை, அவளையும் உன் மனைவியையும் தனியாக விட்டு வருவதன் சிரமம் எல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும்தான் கேட்கிறேன். இதையெல்லாம் படித்த பிறகு உனக்கு என்மேல் கோபம் இருந்தால் கோபத்தோடு வா. பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இரு.

படிவம் இப்போது மேசையில் என் முன்னால் இருக்கிறது. அந்த இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

அம்மா